மீட்டரில் கூடிய அறுநூறு மணி நேரம்

“எங்கப்பா திருடர் இல்லைங்க” என்று சொல்லிக்கொண்டேதான் ஜானிஸ் உள்ளே வந்தாள். கையில் வரித்துறைக் கடிதம் கசங்கிக் கிடந்தது. 1983 மார்ச், ஒரு வியாழக்கிழமை.

வெர்னா டீர்க்ஸ் அடுப்பிலிருந்து காபியை இறக்கிவைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். ஒஹையோ வரித்துறையில் இருபத்தாறு ஆண்டு தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது வரிக் கடிதம் வந்தால், நேராக அவர் சமையலறைக்குத்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு ஏலக்காரர் எல்ராய் வழக்கம்போல அங்கே ஆப்பிள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“முழுசாச் சொல்லும்மா” என்றார் வெர்னா.

“மூணு வருஷம் முன்னாடி அப்பா டிராக்டர் வாங்கினார். விவசாயத்துக்குன்னு கையெழுத்துப் போட்டு, விற்பனை வரி இல்லாம. போன மாசம் ப்ரூயிட்னு ஒரு அதிகாரி வந்து மணி மீட்டரைப் பார்த்தார். ஆயிரத்து நூத்து நாப்பது மணி நேரம் காட்டுது. நூத்தி அறுபது ஏக்கருக்கு மூணு வருஷத்துல ஐந்நூறு மணிக்கு மேல எப்படி ஆகும்னு கேக்கறார். மிச்ச அறுநூத்துச் சொச்சம் வேற எங்கேயோ வாடகைக்கு ஓடியிருக்காம். பாதிக்கு மேல விவசாயம் இல்லைன்னா வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டணும்.”

“உங்கப்பா ஆர்லோ என்ன சொல்றார்?”

“அதுதாங்க புரியல. வாயைத் திறக்கல. டிராக்டரை வித்துக் கட்டிடறேங்கிறார்.” அவள் குரல் இறங்கியது. “என் வீட்டுக்காரர் ராட்னி வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டுறவர். அப்பா அவரைக் காப்பாத்தத்தான் பேசாம இருக்காரோன்னு பயமா இருக்கு.”

அவள் போனதும் எல்ராய் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “மாப்பிள்ளைதான் அம்மணி. அடிச்சுச் சொல்றேன்.”

“நீங்க பசு மாட்டையே காளைன்னு அடிச்சுச் சொல்லி வித்தவர். கோட்டைப் போடுங்க, போவோம்.”

அந்தக் காலத்து நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது கனக்கிறது. டிராக்டரின் மட்கார்டு மேலேயே வைத்து வரிவிலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கடைக்காரர் அதைப் படித்துப் பார்க்காமல் இழுப்பறையில் போட்டுவிட்டு, குடும்பத்துக்கு ஒரு நாட்காட்டியும் சட்டைப்பையில் வைக்கச் சின்னக் குறிப்பேடும் கொடுப்பார். ஒருவர் சொன்ன சொல்லுக்கு மேல் சாட்சி கேட்கிற பழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது.

ஆர்லோ நீஸின் கொட்டகையில் டிராக்டர் நின்றது. ஓட்டுபவருக்கு மூடிய அறை வைத்த வண்டி. வெளியே வயல் சொதசொதவென்று கிடந்தது. ஏப்ரல் முடியும் வரை அதில் யாரும் சக்கரம் வைக்க முடியாது. ஆர்லோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

“உனக்கு எதுக்கு வெர்னா இந்த அலைச்சல்? வித்துடறேன். முடிஞ்சுது.”

வெர்னா சக்கரத்தைச் சுற்றி வந்தார். டயரின் தடித்த ரப்பர்க் கட்டைகளை விரலால் தடவினார். சுவரிலிருந்து ஒரு பேட்டரி சார்ஜரின் ஒயர் டிராக்டர் வரை நீண்டு தொங்கியது.

“இது எத்தனாவது பேட்டரி?”

“மூணாவது” என்றார் ஆர்லோ, தரையைப் பார்த்து.

அறைக்குள் ஏறியபோது எங்கும் தூசி. ஓட்டுநர் இருக்கையும், இடதுபுறம் கருவிப் பெட்டிமேல் நான்காக மடித்து வைத்த ஒரு தையல் போர்வையும் மட்டும் சுத்தமாக இருந்தன. மீட்டரைக் குறித்துக்கொண்டு இறங்கிய வெர்னா, தன் தையல் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, டயரிலிருந்து தரைவரை யார் கண்ணிலும் படாதபடி ஒரு கோடு இழுத்தார். எல்ராய் கேட்க வாயெடுத்தார். வெர்னா அவர் காலை மிதித்தார்.

திங்கட்கிழமை மாலை எல்லோரையும் அந்தக் கொட்டகைக்கே வரவழைத்தார். அதிகாரி ப்ரூயிட் கோப்போடு நின்றார். ஜானிஸும் ராட்னியும் எட்டி எட்டி நின்றார்கள்.

“என்னையாடி சந்தேகப்பட்டே?” என்று ராட்னி மெதுவாகக் கேட்டான்.

“ராட்னி இதைத் தொடவே இல்லை” என்றார் வெர்னா. “ரோட்டுலயும் கல்லுலயும் அறுநூறு மணி ஓடின டயருன்னா கட்டை மழுங்கிப்போயிருக்கும். இது இன்னும் கூரா இருக்கு. டீசல் கொண்டுவர்றவர்கிட்ட கேட்டேன், மூணு வருஷமா ஒரே அளவுதான் இறக்குறாராம். எண்ணெய் குடிக்காம அறுநூறு மணி எப்படி ஓடும்?”

“அப்ப யாரோ மீட்டரைத் திருகியிருக்காங்க” என்றார் ப்ரூயிட்.

“திருகுறவன் குறைச்சு வைப்பான் தம்பி. கூட்டி வைப்பானா?” வெர்னா தரையைக் காட்டினார். “வியாழக்கிழமை இந்தக் கோட்டைப் போட்டேன். இம்மி நகரல. ஆனா அன்னிக்கு ஆயிரத்து நூத்து எழுபதுன்னு காட்டின மீட்டர் இப்ப எழுபத்தஞ்சு காட்டுது. நின்ன இடத்துலயே நாலு நாள்ல அஞ்சு மணி நேரம்.”

எல்ராய் விசிலடித்தார்.

“இந்த வண்டியில சாவியைத் திருப்பினாலே மீட்டர் ஓடும், எஞ்சின் ஓடவேண்டியதில்லை. சாவியைத் திருப்பினாத்தான் இன்னொண்ணும் வேலை செய்யும். எஞ்சின் ஓடாம அது வேலை செஞ்சா பேட்டரி செத்துப்போகும்.” வெர்னா ஆர்லோ பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. “மிச்சத்தை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

“நாப்பது வருஷம் வெயில்லயும் பனியிலயும் திறந்த டிராக்டர்தான். அறை வச்சது வாங்கலாம்னு என் வீட்டுக்காரி லொரீன்தான் சொன்னா. ரேடியோ இருக்குன்னு இதையே எடுத்தா. அறுப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்தா திரும்பிப் போகமாட்டா, அந்தப் பெட்டிமேல உட்கார்ந்துக்குவா. ரெண்டு அறுவடைதான் வந்தா.” அவர் டயரில் கை வைத்தார். “வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டு மேசையில உட்கார முடியல. இங்க வந்து ஒரு மணி நேரம் ரேடியோ கேப்பேன். நாளெல்லாம் நடந்ததை அவகிட்ட சொல்லுவேன்.”

லொரீன் இறந்து ஒன்றரை ஆண்டு. தினமும் ஒரு மணிக்கும் சற்று மேல். ப்ரூயிட் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தது அவர் உதடுகளில் தெரிந்தது.

“இதைச் சொல்ல வேண்டியதுதானே மாமா?” என்றான் ராட்னி.

“சொல்லி? விவசாயத்துக்குன்னு கையெழுத்துப் போட்டேன். இது விவசாயம் இல்லையே. ஏமாத்தினது ஏமாத்தினதுதான்.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். தன் துக்கத்துக்கு வரி கட்டாமல் விட்டுவிட்டோமே என்று ஒன்றரை ஆண்டாகக் குறுகிப்போயிருந்தவர்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

“எஞ்சின் அணைஞ்சிருந்தா இயந்திரத்தைப் பயன்படுத்தினதாவே ஆகாது” என்றார் வெர்னா. “ஓடின ஐந்நூறு மணியும் வயல்லதான். என்ன ப்ரூயிட்?”

ப்ரூயிட் கோப்பைத் திறந்தார். “அந்த ரேடியோவுல என்னங்க கேப்பீங்க?”

“ஆட்டத்துக்குப் போடுற போல்கா பாட்டு. அதுக்கு முன்னாடி சோள விலை சொல்லுவான்.”

“சோள விலைன்னா விவசாயம்தான்” என்று ப்ரூயிட் கோப்பில் ஏதோ எழுதி மூடினார். “டிராக்டரை விக்கவேண்டாம்.”

எல்லோரும் கிளம்பினார்கள். ராட்னி லாரியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். ஜானிஸ் அவனிடம் போய் ஏதோ சொல்லிவிட்டுக் கொட்டகைக்கே திரும்பி வந்தாள்.

“எத்தனை மணிக்குப்பா பாட்டு போடுவான்?” என்று கேட்டாள்.