எழுநூற்று நாலில் நாலாவது ஆள்

கணினிப் பாதுகாப்பு பற்றி இருநூறு பேருக்கு ஆன்லைனில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பாலச்சந்திரன் அந்தக் காரியத்தைச் செய்தான். "யோசிக்காம எதையும் தட்டாதீங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வலது கைப் பெருவிரல், மேஜையில் அதிர்ந்த போனைச் சரியாகப் பார்க்காமலேயே தட்டியது.

மராத்தி பேசும் ஊரில், ஹடப்சர் பகுதியில் அவன் குடியிருக்கும் அடுக்ககத்தில் யார் வந்தாலும், கேட்டில் இருப்பவர்கள் ஆளைப் படமெடுத்து ஆப்பில் அனுமதி கேட்பார்கள். கூரியர், காய்கறி, தண்ணீர் கேன் என்று நாளைக்குப் பத்துத் தடவை. பெருவிரலுக்கு அது மூச்சுவிடுவது மாதிரி. இந்த முறை அது தட்டியது 'அனுமதி' அல்ல, அதற்குக் கீழே இருந்த 'எப்போதும் அனுமதி'.

படத்தில் ஒரு கறுப்புக் குடை. அதற்கடியில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் மழை.

வகுப்பு முடிந்தது. திரையில் கைதட்டல் பொம்மைகள் பறந்தன. 'விருந்தினர் உள்ளே வந்துவிட்டார்' என்றது போன். அழைப்பு மணி மட்டும் அடிக்கவேயில்லை.

கதவைத் திறந்து பார்த்தான். மாலை நாலரைக்கே நடைபாதை இருட்டிக்கிடந்தது. மடித்துவைத்த ரெயின்கோட்டின் புழுக்க வாசனை, அதற்குள் நன்றாகப் பழகிய வேறேதோ ஒரு வாசனை, எதுவென்றுதான் பிடிபடவில்லை. லிஃப்டிலிருந்து ஈரக் காலடிகள் அவன் வீட்டு வாசல்வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. கதவுக்கு உள்பக்கம் கிடந்த கால்மிதியைத் தொட்டுப் பார்த்தான். ஈரம்.

ஹாலில் ஆறு வயது மகள் வைஷு தரையில் குப்புறப் படுத்து, கிரேயானால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி, யாராவது வந்தாங்களா?"

"நீதான் வந்த. ரெட் கலர் கதம் ஆயிடுச்சுன்னு சொன்னேன்ல? வாங்கித் தரேன்னியே."

அவன் அறையைவிட்டு வெளியே வந்ததே இப்போதுதான். குழந்தை ஏதோ விளையாட்டாகச் சொல்கிறது என்று சிரித்துவைத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வீடு முழுக்கக் கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறைத் திரைக்குப் பின்னால் எல்லாம் தேடினான். யாருமில்லை.

அந்த வீட்டில் போன் பேசப் பால்கனியில்தான் சிக்னல் கிடைக்கும். கண்ணாடிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேட் சூப்பர்வைசர் சேவியரை அழைத்தான். அதே ஊரில், கிர்க்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். எதற்கும் நேராகப் பதில் சொல்லாதவர்.

"சிஸ்டம்ல பச்சை காட்டுது சார். பச்சைன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஆளைப் பாத்தீங்களா சேவியர்?"

"பச்சை வந்தப்புறம் ஆளை எதுக்கு சார் பாக்கணும்?"

ஆப்பைத் திறந்தான். வீட்டு எண்: எழுநூற்று நாலு. குடியிருப்பவர்கள்: நான்கு. பாலச்சந்திரன், ராஜஸ்ரீ, வைஷு. நாலாவதற்குப் பெயரில்லை, படத்துக்கான வட்டம் காலி. நாலாவதை நீக்கும்படி தட்டினான். வீட்டிலுள்ள வேறொரு பெரியவர் சம்மதிக்க வேண்டும் என்றது. விண்ணப்பம் போனது. மூன்று விநாடிகள்.

நிராகரிக்கப்பட்டது.

பிம்ப்ரியில் அலுவலகத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட்டான். "ராஜி, ஏன் வேண்டாம்னு போட்ட?"

"என்னத்தை? எனக்கு ஒண்ணும் வரலையேங்க. ஊருக்கே செக்யூரிட்டி சொல்லிக்குடுக்கிறவர் எங்கிட்ட கேக்கறீங்களா?"

அவள் சிரித்தாள். அவனால் முடியவில்லை. மீண்டும் ஆப்பைப் பார்த்தான். குடியிருப்பவர்கள்: மூன்று.

அப்பாடா என்று மூச்சு வெளியே வந்தது. அப்புறம்தான் பெயர்களைப் படித்தான். ராஜஸ்ரீ. வைஷு. பெயரில்லாத வட்டம்.

திரை வெளுத்தது. 'இந்த எண்ணில் குடியிருப்பவர் யாருமில்லை.'

மழைச் சத்தம். அதைத் தவிர ஒன்றுமில்லை. கிரேயான் சத்தம் எப்போது நின்றது?

கதவைத் தள்ளினான். ஹால் காலி. தரையில் பாதி வரைந்த குடை. ஆணியில் அவளுடைய மஞ்சள் ரெயின்கோட் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

"வைஷு!"

நடைபாதையில் யாருமில்லை. லிஃப்ட் கீழே இருந்தது. பால்கனிக்கே ஓடிவந்து கேட்டை அழைத்தான்.

"சேவியர், எழுநூற்று நாலு, வைஷு, பாப்பா எங்க? கேட்டைச் சாத்துங்க!"

சேவியர் இந்த முறை சிஸ்டத்தை இழுக்கவில்லை. பச்சையைச் சொல்லவில்லை.

"பாப்பா இப்பத்தான் வெளிய போச்சு. நானே கண்ணால பாத்தேன். அவங்க அப்பாகூடத்தான் போச்சு. ரெட் கலர் வாங்கப் போறோம்னு நின்னு பேசிட்டுத்தான் போனாரு. நீங்க யாருங்க பேசறது?"

இணைப்பு அறுந்தது. போன் பூட்டிக்கொண்டது. பெருவிரலை வைத்தான். 'பொருந்தவில்லை.' துடைத்துவிட்டு வைத்தான். பொருந்தவில்லை.

ஏழு மாடிக்குக் கீழே, தெருவிளக்கின் வெளிச்சத்தில், கறுப்புக் குடை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. குழந்தையின் மேல் சாரல் படாமல், அவன் எப்போதும் சாய்க்கிற அதே சாய்வு. பக்கத்தில் மஞ்சள் ரெயின்கோட், துள்ளித் துள்ளி. கையை அல்ல, பெருவிரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் வைஷு.

அப்பாவைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படிப் பிடிக்கமாட்டாள்.