மைனஸ் பதினாறு நிமிஷம்

ட்ர்ர்ரிங்...!

கட்டுப்பாட்டு அறையில் டெலிபோன் அலறியது. ஏட்டம்மா எடுத்தாள்.

"போலீஸ் கண்ட்ரோல் ரூம்..."

"எங்க பூனை மரத்துல ஏறிட்டு இறங்கமாட்டேங்குதுங்க!"

"தீயணைப்புக்குப் பண்ணுங்கம்மா. மரம் அவங்க டிபார்ட்மென்ட்."

ரிசீவரை வைத்தாள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். கால் வீங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் நகரம் பச்சைப் புள்ளிகளாக மினுங்கியது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ரோந்து ஜீப்.

திரையில் பார்த்தால் ஊர் எவ்வளவு அழகு!

மூலை நாற்காலியில் மதிப்பீட்டு அதிகாரி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். 'பாதுகாப்பான நகரம்' விருதுக்கு மார்க் போட வந்தவர். இந்த மாதத்தில் அவருக்கு இது ஒன்பதாவது ஊர்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு பெண். காவலாளியின் மனைவி.

நேற்றுக் காலை மருந்துக்கடைக்கார அம்மாள் தன் கடைக்குள்ளேயே தலை உடைந்து செத்துக் கிடந்தாள். அதைப் பார்த்துப் போன் செய்தவன் அந்தக் கட்டடத்துக் காவலாளி. போன் செய்த பாவத்துக்கு அவனையே பிடித்து உள்ளே போட்டுவிட்டார் இன்ஸ்பெக்டர்.

இன்று நாலு மணிக்குக் கோர்ட். அப்புறம் ஜெயில்!

"கொசு அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு அக்கா..." என்று காலையில் ஏட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் அந்தப் பெண்.

"நான் வெறுமனே போன் எடுக்கறவம்மா," என்றாள் ஏட்டம்மா. சொல்லும்போதே நாக்கு கசந்தது.

இப்போது மணி மூன்று. விருதுப் படிவத்தைத் திறந்தாள்.

போன் வந்த நேரம். ஜீப் போய்ச் சேர்ந்த நேரம். வித்தியாசம்.

முன்பெல்லாம் கையால் எழுதுவாள். இருபது நிமிஷத்தை எட்டாக்குவது அவளுக்குக் கைவந்த கலை. இந்த முறை, விருதுக்காக இன்ஸ்பெக்டரே ஜீப்புகளில் இடமும் நேரமும் காட்டும் கருவி மாட்டவைத்தார். கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்கிறது.

ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது.

மருந்துக்கடை. இன்ஸ்பெக்டர் ஜீப். போன் வந்தது 9.47. ஜீப் சேர்ந்தது 9.31.

மைனஸ் பதினாறு!

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மைனஸ் அங்கேயேதான் இருந்தது.

"என்னம்மா, ரெடியா?"

பின்னால் இன்ஸ்பெக்டர்!

"ஒரு வரி மக்கர் பண்ணுது சார்."

குனிந்து பார்த்தார்.

"கடிகாரம் தப்பா ஓடுது."

"தினம் காலைல நானே சரி பண்றேன் சார்."

"அப்ப கருவி தப்பு. ப்ளஸ் ஆறுன்னு போட்டுட்டுப் போ. நீ மாத்தாததா?"

மாற்றியிருக்கிறாள். எத்தனையோ! விரல்கள் பழக்கதோஷத்தில் கீபோர்டுக்குப் போய்விட்டன...

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டம்மா விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"கருவி தப்புன்னா கம்பெனிக்கு எழுதிடறேன் சார். ஜீப் எங்கெங்க நின்னுச்சுன்னு முழுசா அனுப்புவாங்க."

"எழுதாதே!"

மூலையைத் திரும்பிப் பார்த்தார். குறட்டை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் கிசுகிசுப்பானது.

"பேசத்தான் போனேன்மா. நாம பதிவு பண்ணாம திருப்பி அனுப்பின புகார் பதிமூணு, அந்தம்மா சேத்து வச்சிருந்தா. மார்க் போட வந்தவர்கிட்ட கொடுக்காதேன்னேன். கையைப் பிடிச்சேன், உதறினா... தள்ளிட்டேன். மேஜை முனை... இந்த விருது வந்தா என் டிரான்ஸ்பர் நின்னுடும். அவ்வளவுதான் நான் கேட்டது. நீ இத்தனை வருஷம் மாத்தின லட்சணம் எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே ஜீப்புலதான் இருக்கோம்."

"தெரியும் சார்," என்றாள் ஏட்டம்மா. "என் கணக்கையும் நானே எழுதிக் கொடுத்துடறேன். ரொம்ப அசதியா இருக்கு."

குறட்டை நின்றிருந்தது!

"பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னாங்க அந்தம்மா," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "பதிமூணு புகாரோட. நேத்து மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன்."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "சார்... நீங்க... தூங்கிட்டு..."

"ஒன்பது ஊர் சுத்தினா கண்ணு மூடிக்கும் சார். காது மூடாது."

மதிப்பீட்டு அதிகாரி கமிஷனருக்குப் போன் போட்டார்.

மூன்றரைக்கு இன்ஸ்பெக்டரின் தொப்பியும் பெல்ட்டும் மேஜை மேல் கிடந்தன.

ஏட்டம்மா வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். "எழுந்திரும்மா. உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ. நாலு மணிக் கோர்ட்டுக்கு வேற ஆள் கிடைச்சாச்சு."

உள்ளே திரும்பியபோது மதிப்பீட்டு அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

"ஏட்டம்மா... 'போலீஸ் வந்து சேரும் வேகம்'னு ஒரு கட்டம் இருக்கு. என்ன மார்க் போட?"

ஏட்டம்மா கொட்டாவி விட்டாள்.

"நூத்துக்கு நூறு போடுங்க சார். கொலை நடக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்ல!"