காற்றாடிக்குப் போட்ட மாலை

வெள்ளிக்கிழமை, காலை மணி ஏழு.

நல்லுசாமி வெள்ளைத் துணியை உருவினார். உள்ளே விமானக் காற்றாடி இல்லை. அது நின்ற இடத்தில் மாடியில் சும்மா கிடந்த தேயிலைக் கொழுந்துக் கூடைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

"அண்ணே, எங்க அது?" என்றான் அகிலன்.

நல்லுசாமி கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார், ஏதோ ஒரு கூடைக்குள் இரண்டு மீட்டர் நீளக் காற்றாடி சுருண்டு கிடக்கும் என்பதுபோல.

அகிலன் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். மறுநாள் அங்கே பழைய விமானங்களின் கண்காட்சி. போர்க்காலத்து மஞ்சள் விமானம் ஒன்றை அவனும், தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக் நல்லுசாமியும், மலையிலேயே பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் திருமாறனும் கூட்டாக வாங்கி, கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே தாரை வார்த்து, ஒருவழியாகப் பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்த விமானத்தைச் சக்களத்தி என்றுதான் சொல்வார்கள். விமானம் ஈப்போவில் நின்றது. அதன் மூக்கில் சுழலும் மரக் காற்றாடிக்கு மட்டும் நல்லுசாமி கையால் கடைசியாக வார்னிஷ் அடிக்க வேண்டுமென்று மலைக்கு ஏற்றியிருந்தார்கள். அதைத் திரும்ப எடுத்துப்போகத்தான் அகிலன் வந்திருந்தான்.

இந்த மலையில் துவைத்த சட்டையே மூன்று நாளைக்குக் காயாது. ஆனால் தொழிற்சாலையின் மேல்மாடியில் ஈரம் அண்டாது. கீழே எரியும் அடுப்பின் சூடு அங்கே ஏறும். முன்பு கொழுந்தை வாடப்போட்ட அந்த மாடி இப்போது சும்மா கிடந்ததால் காற்றாடியை அங்கே காயவைக்க மேனேஜர் துரை அனுமதி கொடுத்திருந்தார்.

அந்தத் துரைதான் இப்போது வாசலில் நின்று பொரிந்து தள்ளினார்.

"சாவி ஒன்கிட்ட. பூட்டு நல்லா இருக்கு. கூட்டாளிக்கே துரோகம் பண்றவன் நாளைக்கு என் தொழிற்சாலைய விட்டு வைப்பானா? சாயந்திரத்துக்குள்ள சாமான் வரணும். இல்லன்னா வேலையும் இல்ல, லைன் வீடும் இல்ல."

நல்லுசாமி பிறந்ததே தோட்டம் தொழிலாளர்களுக்குக் கொடுத்த அந்த லைன் வீட்டில்தான். செய்தி தெரிந்ததும் அவர் மனைவி ரஞ்சிதம் அழவில்லை, சண்டை போடவில்லை. சட்டி பானைகளைச் சேலையில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். 

அகிலன் போலீசுக்குப் போன் செய்தான். திரிங்காப்பிலிருந்து திருமாறனும் லோரியில் வந்து, வழியில் லைன் வீட்டில் ரஞ்சிதம் மூட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டுப் படியேறினார்; மேலே துரை அப்போதும் நல்லுசாமியைத் திருடன் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

காலை மணி ஒன்பது. போலீஸ் சார்ஜன் குமுதா ஜீப்பை விட்டு இறங்கினார். விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மலிவு டிக்கெட் எப்போது போடுவார்கள் என்பதுதான். ஆனால் பொய்யைப் பற்றி நிறையவே தெரியும்.

மாடியைச் சுற்றி வந்தார். ஜன்னல்களுக்கெல்லாம் வெளியே கம்பி. ஒரு ஜன்னல் கொக்கியில் சாமந்தி மாலை வாடாமல் தொங்கியது. தரையின் நடுவில் ஆள் நுழையும் அகலத்தில் ஓட்டை ஒன்று, மேலே பலகை மூடி. அந்தக் காலத்தில் வாடிய கொழுந்தை அதன் வழியாகக் கீழே உருட்டும் மெஷினுக்குத் தள்ளுவார்கள்.

"எத்தன சாவி?"

"ஒண்ணுதான் மேடம். என் இடுப்புலதான் இருந்துச்சு," என்றார் நல்லுசாமி.

"இந்த ஓட்ட வழியா ராத்திரி எவனாச்சும் ஏறி வந்திருக்கலாமா?"

"முடியாது மேடம். ராத்திரி எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் ஓடும். நேரா இதுக்குக் கீழதான் பத்து பேர் நிப்பாங்க."

"எட்டுக்கு முன்னால?"

"அதுவரைக்கும் புதுக் கொட்டகையில கொழுந்து வாடணுமே. கீழ ஆள் இருக்காது. ஆனா அந்த நேரத்துல நாங்க இங்கதானே பூஜை போட்டுக்கிட்டு இருந்தோம்."

"பினாங்கு ஆளுங்க வேலையா இருக்கும் மேடம்," என்று குறுக்கே வந்தான் அகிலன். "அவங்ககிட்டயும் இதே மாதிரி பழைய பிளேன் ஒண்ணு இருக்கு. எங்களுது பறந்தா அவங்களுத யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க."

"பினாங்குக்காரங்க பூட்டுக்குள்ள பூந்து வருவாங்களா, தம்பி?"

அகிலன் அடங்கிப்போனான். அவனுடைய போன் விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. விமானப் பிரியர்களின் வாட்சப் குழுவில் ஈப்போ, தைப்பிங், கோலாலம்பூர் என்று எல்லா ஊரிலிருந்தும் ஒரே கேள்வி: நாளைக்கு மஞ்சள் குருவி பறக்குமா? அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குமுதா திருமாறனைப் பார்த்தார். மூன்று பேரில் எப்போதும் அதிகம் பேசுகிறவர் அவர். இன்று லோரிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"நேத்து பூஜைக்கு யார் யார்?"

"நான், அண்ணே, ரஞ்சிதம் அக்கா. தேயிலைக் கழிவு ஏத்த எப்படியும் லோரி எடுத்துட்டு வருவேன். பூச்செடிக்கு உரமாப் போடுவோம். அப்படியே மாலையும் கொண்டாந்தேன். அக்காவக் கூட்டிட்டு வர அண்ணே கீழ போனாரு. வர்றதுக்குள்ள நான் மாலையப் போட்டு வெச்சேன். சூடம் காட்டினோம், போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான்லா."

"அப்பறம்?"

"அவங்க ரெண்டு பேரும் டீ குடிக்க எறங்கினாங்க. சூடம் அணையட்டும்னு நான் கொஞ்ச நேரம் நின்னேன். தூசி படாம துணியப் போத்திட்டு எறங்கிட்டேன். பூட்டினது அண்ணேதான். ஏழு மணி இருக்கும்." கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்லும்போது அவர் நல்லுசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் போட்டோவக் காட்டுங்க."

திருமாறன் தயங்குவதற்குள் அகிலன் தன் போனை நீட்டிவிட்டான். படத்தைத் திருமாறன்தான் நேற்று மாலையே குழுவில் போட்டுப் பெருமை அடித்திருந்தார். காற்றாடி தாங்கியில் செங்குத்தாக, ஒரு இறக்கை வானத்தையும் மற்றது தரையையும் பார்த்தபடி பளபளவென்று நின்றது. மேல் இறக்கையின் பாதி உயரத்தில் மாலை தொங்கியது. பக்கத்தில் கூப்பிய கைகளோடு ரஞ்சிதம்.

குமுதா படத்தைப் பெரிதாக்கினார். மாலையையே வெகுநேரம் பார்த்தார்.

"நல்லுசாமி அண்ணே, பூட்ட வந்தப்ப துணியத் தூக்கிப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம். உயரமா நின்னுச்சு. உள்ள இருக்குன்னு நெனச்சிட்டேன்." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்திருக்கணும். என் புத்திய என்ன சொல்றது."

"இந்த மாலை அப்ப எங்க இருந்துச்சு?"

நல்லுசாமி யோசித்தார். "ஜன்னல்லதான். இதே கொக்கியில. பூஜை முடிஞ்சு எடுத்து மாட்டியிருக்காங்கன்னு நெனச்சேன்."

குமுதா தலையை ஆட்டினார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"ராத்திரி கதவு வழியா யாரும் வரல. ஓட்டைக்குக் கீழ பத்து பேர். அப்ப ராத்திரி களவே போகல. அண்ணே பூட்டினது வெறும் கூடையதான். மாலை ஜன்னலுக்குப் போன நேரத்துலயே காத்தாடியும் போயிருச்சு. போட்டோ எடுத்ததுக்கும் பூட்டினதுக்கும் நடுவுல இங்க தனியா நின்னது ஒரே ஆள். அந்த நேரத்துல கீழ ஈ காக்கா இல்ல. லோரி வாசல்ல நின்னுச்சு. கயித்துல கட்டி ஓட்டை வழியா எறக்கி, கழிவுக்கு அடியில படுக்க வெச்சா யாருக்குத் தெரியும்? இல்லிங்களா, திருமாறன்?"

"மேடம்! என்னோட காத்தாடிய நானே எதுக்குத் திருடணும்? பைத்தியமா எனக்கு?"

"அதத்தான் நானும் யோசிச்சேன். இந்தப் படத்தப் பாருங்க. செங்குத்தா நிக்கிற வழுவழுப்பான கட்டையில மாலையப் போட்டா சரிஞ்சு ரெண்டு எறக்கையும் சேர்ற எடத்துலதானே வந்து விழும்? இது ஏன் பாதி வழியில நிக்குது?"

 நல்லுசாமிக்கு முதலில் புரிந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மாறா," என்றார் மெதுவாக. "ஆணி அடிச்சியா?"

திருமாறன் ஆமென்று தலையாட்டி எல்லாவற்றையும் சொன்னார். லோரியென்றால் மாலையைக் கண்ணாடியில் கட்டலாம். சாமி படமென்றால் மேலே ஆணி இருக்கும். காற்றாடியில் கட்டவும் இடமில்லை, மாட்டவும் இடமில்லை. இரண்டு தடவை மாலை சரிந்து விழுந்ததும், அபசகுனமாகப் போய்விடுமே என்ற பதற்றத்தில் திருமாறன் தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு சின்ன ஆணியைத் தட்டிவிட்டார். இதே கைதான் நான்கு வருடமாக அந்த மரத்தைக் குழந்தையைப்போல் துடைத்தது. மற்றவர்கள் இறங்கியபின் ஆணியைப் பிடுங்கினார். ஆணியோடு மரமும் கீறிக்கொண்டு வந்தது.

குமுதாவோடு வந்த போலீஸ்காரர் ஒருவரோடு தன் பூத்தோட்டத்துக்குப் போய்த் திருமாறனே காற்றாடியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். நல்லுசாமி விரலால் தடவினார். ஆணி ஓட்டையிலிருந்து ஒட்டுப் பலகையின் இணைப்பு வழியாக விரல் நீளத்துக்கு விரிசல். இதை மாட்டி வேகமாகச் சுழற்றினால் நடுவானில் பிளந்து பறக்கும். அதற்குப் பிறகு விமானத்தில் இருப்பவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

"சொல்லியிருக்கலாமேண்ணே," என்றான் அகிலன்.

"சொன்னா? பசை வெச்சி ஒட்டு, ஒரே ஒரு ரவுண்டுதானேன்னு ஏறியிருப்ப. ஒன்னத் தெரியாதா எனக்கு?"

அகிலன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "ஏறித்தான் இருப்பேன்."

திருமாறன் அழுதேவிட்டார். "கெடுத்தது நான்தான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணே. காணாமப் போச்சுன்னா யாரு மேலயும் பழி வராதுன்னு நெனச்சேன்."

நல்லுசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் திருமாறனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவன் உசுருக்குப் பயந்த. நல்லதுதான். துரை என்னத் திருடன்னு சொன்னத நீயும் கேட்டுட்டுதானே நின்ன? எம் பொண்டாட்டி மூட்ட கட்டுறதப் பாத்துட்டுதானே படியேறி வந்த? அதுக்கு ஏன்டா ஒனக்குப் பயம் வரல?"



"கேஸ் கீஸெல்லாம் பெறகு பாக்கலாம்," என்றார் குமுதா. "துரைகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க போய் ஒங்க வாயால சொல்லுங்க."

பகல் மணி பன்னிரண்டு. திருமாறன் ஆபீசுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். துரைமார்கள் மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி மேனேஜர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் மெஷினைப் பார்க்க வரும்படி நல்லுசாமியிடம் சொன்னார். நல்லுசாமிக்கு வீடு தங்கியது.

நாளைக்கு விமானம் பறக்காது. மூக்கில்லாமல் நின்றாலும் பரவாயில்லை, சனங்கள் வந்து பார்க்கட்டும் என்று அகிலன் குழுவுக்குச் செய்தி அனுப்பினான்.

தொழிற்சாலை வாசலில் திருமாறன் நல்லுசாமியின் வழியை மறித்து நின்றார்.

"அண்ணே, நாளைக்கு ஈப்போவுக்கு வருவீங்கல்ல? விடிய வந்து ஏத்திக்கிறேன்."

"வருவேன்," என்றார் நல்லுசாமி. "அது எம் பிளேனும்தான். ஆனா ஒன் லோரியில வரமாட்டேன்."

அவர் விலகி, ரஞ்சிதம் காத்திருந்த பக்கம் நடந்தார். திருமாறன் அங்கேயே நின்றார்.