சூடு ஆறாத மூட்டை

மூட்டை சூடாக இருந்தது.

நகராட்சிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கிற எரு மூட்டைதான். வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டியில் சேருகிற இலையையும் தழையையும் வாராவாரம் வண்டியில் அள்ளிப் போய், ஊருக்கு வெளியே கிடங்கில் குவித்து, கிளறி, மக்கவைத்து, கருப்பாகத் தூளானதும் ஒழுங்காகக் குப்பை கொடுத்த வீடுகளுக்கு ஆளுக்கொரு மூட்டையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அன்று தெருவில் எல்லா வாசலிலும் ஒன்று கிடந்தது. தன்னுடையதைப் பின்பக்கம் இழுத்துப் போகக் குனிந்த தையல்காரம்மா, சாக்கில் கை வைத்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டாள். வெயிலே இல்லாத காலை. ராத்திரி முழுக்கத் தூறியிருந்தது. பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டு வாசலில் இருந்த மூட்டையைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். அது ஜில்லென்று இருந்தது. திரும்பி வந்து தன்னுடையதை மறுபடி தொட்டாள். ஆள் இப்போதுதான் எழுந்து போன போர்வைக்குள் கை விட்டால் தெரியுமே, அந்தச் சூடு.

அவள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதற்கு ஒரு பிரசங்கமே பண்ணியிருப்பார். மனுஷர் பெண்டாட்டியிடம் பேசியதைவிட அந்தத் தொட்டியிடம் பேசியது அதிகம். அடியில் காய்ந்த சருகு கனமாக ஒரு படுக்கை, அதன்மேல் ஈரமான பச்சை, அதன்மேல் வாடை வெளியே வராமல் மறுபடி சருகு. வெறும் சருகு வேகாது, ஈரம் சேர்ந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும் என்பார். கிடங்கில் எப்படியும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தானே கிளறுகிறார்கள், இங்கே என்ன அடுக்கு வேண்டிக் கிடக்கிறது என்று அவள் கேட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கொடுப்பதை ஒழுங்காகக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். வண்டி வருகிற நாளில் பொழுது விடிவதற்குள் தொட்டியை உருட்டிப் போய், கைப்பிடி வீட்டைப் பார்த்திருக்கும்படி வாசலில் நிறுத்தி, மூடியை ஒருதரம் தட்டிவிட்டு வருவார். ஒரு சக்கரம் தேய்ந்துபோய் கீச்சென்று கத்தும். இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு விழிப்பு வந்தது. அவளைத் தொட்டிப் பக்கமே விட மாட்டார். ஒரு பிடி உடம்பு, அடியில் ஒட்டின இலையை எடுக்கக் குனிந்தால் தலைகுப்புற உள்ளே போய்விடுவாய், மூடினால் வெளியே தெரியக்கூட மாட்டாய் என்று கேலி செய்வார்.

போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள் மகள். எல்லாம் அவளே தைத்த சட்டைகள். வேறொருவர் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? எச்சில் குப்பையோடு குப்பையாக எறியவும் மனசு வரவில்லை. பருத்தியும் செடியில் விளைந்ததுதானே என்று அவரே எப்போதும் சொல்லுவார். அந்தச் சமாதானத்தில், மக்காத பொத்தான்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு, சட்டைகளையும், அவர் தலை எண்ணெயும் வியர்வையும் ஊறிப்போன இலவம்பஞ்சுத் தலையணையையும் நார்நாராகக் கிழித்துச் சருகுக்கு அடியில் ஒளித்துக் கொடுத்துவிட்டாள். தோட்டக் குப்பையைத் தவிர வேறெதையும் போடக் கூடாதுதான். ஆனால் வண்டிக்காரர் மூடியைத் தூக்கி மேலாகத்தான் பார்ப்பார். மேலே சருகு இருந்தால் போதும்.

மூட்டையை அவள் தோட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் தையல் மிஷின் இருக்கிற நடைவழியில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். மழையில் நனையுமே என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். சாக்கின் வாயை அவிழ்த்ததும் நனைந்த மண்ணின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. அதற்கு அடியில், மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனால் மட்டும், தேங்காயெண்ணெய் வாசனை.

அன்று சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதிக்கையில் இடது கால் மூட்டையில் பட்டது. அவள் காலை நகர்த்தவில்லை. அந்த வீட்டில் மாதக்கணக்காக ஒரு கதகதப்பும் அவள்மேல் பட்டதில்லை. மகள் வாரம் ஒருமுறை போனில் கூப்பிடுவாள். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்லிவிட்டு வாசலோடு போய்விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் குழாய் சொட்டுவதும் கடிகாரம் ஓடுவதும்தான் பேச்சுத்துணை. யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் அவள் மூட்டையோடு பேச ஆரம்பித்தாள். யார் வீட்டுப் பெண்ணுக்கு ரவிக்கை இறுக்கமாகிவிட்டது, எந்தக் கடையில் நூல் விலை ஏறிவிட்டது, எல்லாம் சொன்னாள். அவர் இருந்தபோதும் இப்படித்தான், இவள் பேசுவாள், அவர் உம் கொட்டக்கூட மாட்டார்.

வண்டி வரும் நாள் விடியலில், அரைத் தூக்கத்தில், கீச்சென்று சக்கரம் கத்துவது கேட்டது. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் பின்பக்கமிருந்து வாசலை நோக்கிப் போகிற சத்தம். அவள் புரண்டு படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தூக்கம் கலைந்தது. வாசலுக்குப் போனபோது தொட்டி நின்றிருந்தது, கைப்பிடி வீட்டைப் பார்த்தபடி.

பச்சை வண்டிக்காரர் நரைத்த மீசைக்காரர், எல்லாரிடமும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர். அண்ணன் போன பிறகும் அக்கா அதே அழகோடு தொட்டி வைக்கிறார்களே என்று மெச்சினார். வைத்தது தானில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், பேச்சை மாற்றி, மூட்டை சூடாக இருப்பதைச் சொன்னாள். அவர் உள்ளே வந்து சாக்கில் கையை நுழைத்தார். நுழைத்த வேகத்தில் உருவிக்கொண்டு கையைக் கால்சட்டையில் துடைத்தார், துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேலை முடிஞ்ச எரு ஆறிப்போயிருக்கும்க்கா. சூடா இருந்தா உள்ள இன்னும் ஏதோ முடியலைன்னு அர்த்தம். இதை வீட்டுக்குள்ள வச்சுக்காதீங்க. நான் எடுத்துட்டுப் போய் வேற தரேன்."

"இருக்கட்டும்," என்றாள் அவள். "எடுத்துட்டுப் போகாதீங்க."

அவர் போகும்போது வழக்கமாகப் பேசுகிற நாலு வார்த்தையைப் பேசவில்லை.

அதற்கப்புறம் மூட்டை ஆறத் தொடங்கியது. முதலில் அடிப்பக்கம், பிறகு ஓரங்கள். காலில் சில்லிப்பு ஏற ஏற அவள் காலை இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவர் பாதம் இப்படித்தான் மெல்ல மெல்லச் சில்லிட்டது. அன்றைக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது என்ன செய்யவேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்திருந்தார். காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, சோறு வடித்த கஞ்சி என்று கையில் கிடைத்த ஈரத்தையெல்லாம் போட்டுக் கிளறினாள். லேசாகச் சூடு வந்தது, விடிவதற்குள் போய்விட்டது. ஒருநாள் தலை வாரிவிட்டுச் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி, எங்கே போடுவது என்று யோசிக்காமல் சாக்குக்குள் போட்டாள். அன்று ராத்திரி படுக்கையறை வரை கதகதப்பு வந்தது. பிறகு நகம் வெட்டினால் நகம், அழுதால் அழுது துடைத்த துணி. அது வேறெதையும் கேட்கவில்லை.

அவளும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

எரு குறைவதை முதலில் அவள் கவனிக்கவில்லை. ஒரு பிடிகூட எடுத்துச் செடிக்குப் போட்டதில்லை, ஆனாலும் நெஞ்சளவு புடைத்து நின்ற சாக்கு இடுப்பளவுக்குத் தளர்ந்திருந்தது. காலையில் நடைவழியைப் பெருக்கினால் கருப்புத் துகள் வந்தது. மறுநாள் படுக்கையறை வாசற்படியில். அடுத்த நாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவர் வழக்கமாகப் படுக்கிற பக்கம், விரிப்பின் மேலே. விரிப்பில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏதோ தோன்றி, ஓடிப்போய் அலமாரியில் இருந்த தகர டப்பாவைத் திறந்தாள்.

பொத்தான்கள் இல்லை. அவர் சட்டைப் பொத்தான்கள் ஒன்றுகூட இல்லை. ஊசிப் பெட்டியும் திறந்து கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. மகளுக்குப் போன் போட்டாள். இத்தனை நாளாக வா வா என்று மகள் கூப்பிட, வீட்டை விட்டு எப்படி வருவது என்று தட்டிக் கழித்தவள், இப்போது உடனே வந்து தன்னைக் கூட்டிப் போகச் சொன்னாள். மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக் காலையில் காரோடு வந்துவிடுவதாகவும், துணிமணியை மட்டும் எடுத்து வைத்தால் போதும் என்றும் சொன்னாள்.

"வந்துரும்மா. சீக்கிரம் வந்துரு. எனக்கு இங்க இனிமே இருக்க முடியாது."

போனை வைத்த பிறகுதான் தான் எங்கே நின்று பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. நடைவழியில். மூட்டைக்கு ஒரு முழம் தள்ளி. மூட்டை அப்படியேதான் இருந்தது. அதற்குள்ளே எங்கோ சருகு ஒன்று நகர்ந்து அடங்கியது.

சாயங்காலம் பெட்டியைக் கட்டி முடித்து நடைவழிக்கு வந்தாள். சாக்கு காலி. கொட்டிக் கிடக்கவில்லை, கிழிந்து கிடக்கவில்லை. மூலையோடு மூலை சேர்த்து நாலாக மடித்து, மிஷின் மேல் வைக்கப்பட்டிருந்தது. காலிச் சாக்கை அவர் அப்படித்தான் மடிப்பார். பின்கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது. மூடிவிடலாம் என்று போனவள் வெளியே பார்த்துவிட்டாள். மறுநாள் வண்டி வருகிற நாள். பச்சைத் தொட்டி பின்வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றது. மூடி திறந்து பின்னால் தொங்கியது. அவள் எட்டிப் பார்த்தாள்.

அடியில் காய்ந்த சருகு. கனமாக, சமமாகப் பரப்பி, கையால் தட்டிவிட்ட படுக்கை. மேலே ஒன்றுமில்லை.

பச்சை அடுக்குக்கு இடம் விட்டிருந்தது.

அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். எல்லாக் கதவையும். படுக்கையறைக்குள் போய் அதையும் சாத்தி, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டைக் கூப்பிடலாம் என்றால் அது பூட்டிக் கிடக்கிறது. மகள் காலையில் வந்துவிடுவாள். காலை வரைக்கும்தான். குழாய் சொட்டியது. கடிகாரம் ஓடியது. தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. வெளியிலிருந்து இல்லை. கதவிடுக்கிலிருந்தும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் சுவர் சில்லென்று இருக்கவேண்டும். இல்லை. கதகதப்பாக இருந்தது. மெத்தென்று. மெல்ல அமுங்கியது.

கத்தவேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சூடு தோளைச் சுற்றி வந்தது. எத்தனை நாளாக ஏங்கிய சூடு. வெட்கக்கேடுதான், ஆனாலும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் அதில் சாய்ந்துவிட்டாள்.

சாய்ந்த தலையை அவளால் நிமிர்த்த முடியவில்லை.

கீச்.

அந்தச் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. எப்போதும் போல. சக்கரம் தேய்ந்த கீச், பக்கவாட்டுச் சந்து, வாசலை நோக்கி. ஆனால் இன்று அது சன்னலுக்கு வெளியே கேட்கவில்லை. அவளுக்கு அடியில் கேட்டது. ஒவ்வொரு கீச்சுக்கும் அவள் முழங்கால் தாடையில் இடித்தது. இருட்டு. சுற்றிலும் வழவழப்பான சுவர். கீழே சருகு. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கை கால் எல்லாம் வெந்த தழையாகத் துவண்டு கிடந்தன.

சக்கரம் நின்றது. தொட்டி மெதுவாகத் திரும்பியது. கைப்பிடி வீட்டைப் பார்க்கத் திருப்புகிறார்.

பிறகு அவள்மேல் சருகு விழுந்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி. அவசரமில்லாமல். கழுத்தை மூடியது, கன்னத்தை மூடியது. கடைசியில் பிடிபிடியாக இல்லை. ஓர் ஆள் அப்படியே உதிர்ந்தால் எப்படி விழும், அப்படி மொத்தமாகச் சரசரவென்று சரிந்து நிரம்பியது. சூடான எரு, இலை நரம்பு, பஞ்சு, நூல். கன்னத்தில் ஒரு பொத்தான் அழுந்தியது. மூடி பொத்தென்று விழுந்தது.

வெகு நேரம் கழித்து வண்டி வந்து நின்றது. மூடி தூக்கப்பட்டது. சருகிடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம். அவள் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு விரலை அசைத்தாள். மேலே ஒரு சருகுகூட அசையவில்லை.

"மேல எல்லாம் சருகுதான், சுத்தமா இருக்கு," என்றது நரைத்த மீசைக்காரரின் குரல். "அக்கா வைக்கிற அழகே அழகு."

மூடி விழுந்தது. வண்டியின் இயந்திரக் கை தொட்டியை இறுகப் பற்றித் தூக்கத் தொடங்கியது. தொட்டி சாய்ந்தது. இருட்டுக்குள், அசைந்த அந்த ஒற்றை விரலைத் தேடி, சூடான இன்னொரு கை வந்து பிடித்துக்கொண்டது.