மைக் அணைக்க மறந்தவள்

கப்பல் எஞ்சினீயரின் சுயசரிதையில், ஏழாம் அத்தியாயத்தில், புயலுக்கும் கேப்டனின் கோபத்துக்கும் நடுவே, ‘வாலு ஷூவ கழட்டு’ என்று ஒரு வரி கிடந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஓய்வுபெற்ற பெரிய மனிதர்களின் வாழ்க்கையை அவர்களே சொல்வது போல ‘நான், நான்’ என்று எழுதித் தருவது அவள் பிழைப்பு. போன மாதம் வலது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து விசைப்பலகையைத் தொடுவதில்லை. இணையத்தில் ஆவணத்தைத் திறந்து, மைக் சின்னத்தை அழுத்தி, வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். அணைக்கத்தான் நினைவிருக்காது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இப்போது வந்தபோதும் சின்னம் சிவப்பாகவே இருந்தது.

“அய்யோ, மைக்க ஆஃப் பண்ண மறந்துட்டேன் பாரு” என்று வழக்கம்போலத் தலையில் தட்டிக்கொண்டாள்.

வாலு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். ஷூவோடு கட்டிலில் ஏறுகிறவளிடம் தினமும் சொல்வதுதான் அது. ஆனால் வாலு பள்ளியில் இருக்கிறாள். வீட்டில் வேறு யாருமில்லை. திரையை மேலே நகர்த்தினாள். ‘வாள் சூ கட்டு’ என்று ஒரு வரி. அதன் கீழே, ‘வாலு சூவ கழட்டு’. யாரோ சொல்லிச் சொல்லிப் பழகியது போல இருந்தது.

சந்தேகம் கணவன் மேல் போனது. வேலை வெளியூரில், வார இறுதியில்தான் வீடு. பிழை பார்த்துத் தர அவனுக்கும் அந்த ஆவணத்தைத் திறந்துவிட்டிருந்தாள். பெண்டாட்டி மாதிரிப் பேசிக் காட்டுவதில் அவனுக்கு அலாதி இன்பம். போன் போட்டாள்.

“ஏங்க, என் பொழப்புல எதுக்கு வெளையாடுறீங்க?”

“நானா? காலையிலேர்ந்து மீட்டிங்ல உக்காந்திருக்கேன். யாரு எப்ப எழுதினாங்கன்னு அதுவே காட்டுமே, பாரு.”

பார்த்தாள். மூன்று வரியும் அவள் கணக்கில்தான் பதிவாகியிருந்தன.

“உன் பேருதானே இருக்கு? கொஞ்சம் தூங்கு, எல்லாம் சரியாயிடும்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் எதையோ மறைக்கிறான் என்றே அவளுக்குப் பட்டது.

மறுநாள் கணவனுக்குத் தந்திருந்த அனுமதியை நீக்கினாள். மூன்று மணிக்கு மைக்கை வேண்டுமென்றே போட்டுவிட்டு எழுந்தபோது, அன்று முழுக்க அவள் பூசியே இராத முகப் பவுடரின் வாசனை, மின்விசிறி ஓடாத அந்த அறையில், யாரோ இப்போதுதான் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டுப் போனது போலக் கனமாக நின்றது. கதவைப் பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, நான்கு மாடி இறங்கி முன் கேட்டுக்கு வந்தாள். மூன்றரைக்கு வாலுவின் பள்ளி வேன் அங்கேதான் வரும். செல்போனில் ஆவணத்தைத் திறந்தாள்.

வெறும் பக்கம். மூன்றே காலுக்கு எழுத்துகள் ஓடத் தொடங்கின.

‘வந்துட்டியா வாலு’

‘பசிக்குதா கண்ணு’

‘அம்மா கிட்ட வா’

அதில் ஒரு தப்பும் இல்லை. கணவன் இல்லை. இது அவன் இல்லவே இல்லை. மாடிக்குப் போகக் கால் வரவில்லை. வாலு வந்ததும் அப்படியே தோழி வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். குழந்தை அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும்.

மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால். வேன் வரவில்லை. ஓட்டுநருக்குப் போன் போட்டாள்.

“முன்னாடி ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்கக்கா. பின் கேட்டுல எறக்கிவிட்டு பத்து நிமிஷம் ஆச்சே. பாப்பா மேல ஓடிட்டா.”

கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். சாவி என்னிடம். பூட்டியிருக்கிறது. வெளியேதான் நிற்பாள். ஒவ்வொரு மாடியிலும் திரையைப் பார்த்தாள்.

‘ஷூவ கழட்டு’

‘ஏம்மா இன்னைக்கு ஃபேன் போடல’

இரண்டாவது வரி, வாலு.

நான்காம் மாடி. வாசலில் யாருமில்லை. சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். கட்டுப் போட்ட கையாலேயே தட்டினாள்.

“வாலு! அம்மாடீ! கதவத் திற!”

உள்ளே சத்தமில்லை. கையில் திரை ஓடியது.

‘அம்மா வெளிய யாரோ உன்ன மாதிரியே கத்துறாங்க’

‘திறக்காத கண்ணு அம்மாதான் இங்க இருக்கேன்ல’

அவள் அலறினாள். தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. திரையில் இன்னும் ஒரு வரி வந்தது.

‘அய்யோ மைக்க ஆஃப் பண்ண மறந்துட்டேன் பாரு’

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.