வாடகை மனசாட்சி

பொற்செழியன் காலையில் பல் துலக்கும் முன்பே மனசாட்சியைத் திறந்துவிடுவார். நிலாவின் தென்துருவப் பனிச்சுரங்கத்துக்கு மேலாளர் அவர். மேலாளர்கள் மனசாட்சியோடுதான் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்ட காலம். அது எல்லோருக்கும் சொந்தமாக வாய்க்குமா? வாய்க்காதவர்களுக்கு மேகம் இருந்தது.

மேகம் என்றால் மழை தரும் சமாச்சாரம் அல்ல. பூமியில் எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கிவைத்த, யாரோ ஒருவருடைய கணினிகள். வீட்டில் கிணறு வெட்டாமல் குழாய்த் தண்ணீர் பிடிப்பதுபோல, கருணையும் நிதானமும் வேண்டியபோது வேண்டிய அளவு பிடித்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மற்ற மேலாளர்களின் சிக்கல்கள், ஊர்பேர் நீக்கப்பட்டு, தினம் முப்பது திரைக்கு வரும். படித்துப் பார்த்து 'செய்க' அல்லது 'வேண்டாம்' தொட வேண்டும். பொற்செழியன் படிப்பதில்லை. 'வேண்டாம்' அவர் கட்டைவிரலுக்கு வாகாக இருந்தது.

அன்று பத்தரை மணிக்கு ஏழாம் சுரங்கம் சரிந்தது. உள்ளே சுடலைமுத்து என்ற தொழிலாளி. ஐம்பது நிமிடத்துக்குத்தான் காற்று.

"சார், பனி ஏத்திட்டுப் போற வண்டியத் திருப்புனா நாப்பது நிமிசத்துல ஆள எடுத்துரலாம்," என்றாள் பொறியாளர் ரெஜினா. "சரக்கு இன்னைக்கு ராக்கெட்டுல ஏறாது, அவ்வளவுதான். திருப்பட்டுமா?"

'திருப்பு' என்று சொல்ல அரை மூச்சு போதும். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எதுக்கும் மேகத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்மா. நாளைக்கு யாராவது கேட்டா? நமக்கெதுக்கு வம்பு?"

கேள்வி போனது. பதில் வர ஆறு நிமிடம் ஆனது. கை சும்மா இருக்குமா? அன்றைய முப்பதில் பாக்கியிருந்த ஐந்தாறைத் தட்டித் தள்ளினார். பிறகு பதில் வந்தது: வண்டியைத் திருப்ப வேண்டாம்.

"இது தப்பு சார்! நீங்களா ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று ரெஜினா அழுதாள். அவர் பதில் வந்த திரையைக் காட்டினார். பதினொன்று இருபதுக்கு சுடலைமுத்துவின் மூச்சு நின்றது.

விசாரணைக்காகப் பதிவுகளை எடுத்தவள் ரெஜினாதான். மறுநாள் அவர் அறைக்கு வந்து நின்றாள்.

"உசுரு விசயத்துல மேகம் தானா முடிவெடுக்காது சார். மனுசங்ககிட்டதான் கேக்குது. நம்ம கேள்விய மூணு மேலாளருக்கு அனுப்பியிருக்கு. ஊர்பேர எடுத்துட்டதால யாரு கேட்டதுன்னு அதுக்கே தெரியாது. ஒருத்தர் செய்க, ஒருத்தர் வேண்டாம். மூணாவது ஆளு பத்து முப்பத்தஞ்சுக்கு வேண்டாம்னு போட்டிருக்காரு." திரையை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க பேரு சார்."

அந்த விரலை வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது. விசாரணைக் குழுவோ அவர்மேல் குற்றமில்லை என்றது. விதிப்படி கேட்டிருக்கிறார், விதிப்படி பதிலும் சொல்லியிருக்கிறார்.

பூமியிலிருந்து சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் திரையில் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் யாரையும் திட்ட வரல சார். வண்டி இருந்துச்சாமே. வேண்டாம்னு சொன்னது யாரு? அத மட்டும் சொல்லுங்க."

'நான்' என்ற ஒரே சொல். நாக்கு நுனிவரை வந்தது. ரெஜினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொற்செழியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிஸ்டத்துல அப்படித்தான் வந்துச்சும்மா."