நிதானமானி சிவந்த நாள்

"மொத்தத்தையும் எடுக்கணும்."

உலகம்மாள் கேட்ட சத்தம் நிதானக் கூடம் முழுக்க எட்டியது. வெட்டிவேர்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரை உதட்டிலேயே நிறுத்தினார். மெத்தை நாற்காலிகளில் கண்மூடிச் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் வழிந்துகொண்டிருந்த வீணை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது.

சின்னச் சேமிப்புகளை வாங்கிப் பங்குச் சந்தையில் போடுகிற கடலோர மக்கள் நிதியில் கணக்குத் தொடங்குகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கொஞ்சம் கேளுங்கள், பாதி கேளுங்கள், தவறியும் மொத்தம் கேட்காதீர்கள். தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பாவும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். "மொத்தம்னு கேட்டா பைத்தியம்னு எழுதிருவானுவ, உலகு. வாயக் கட்டிக்க." வாயைக் கட்டுவது உலகுக்குப் பிறவியிலேயே வராத வேலை.

முகப்பில் இருந்த நிதான ஆலோசகர் ஜெபசிங் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்குத்தான் அவருக்குப் பாதிச் சம்பளம்.

"உக்காருங்க தங்கச்சி. தண்ணி குடிங்க. எதுக்கு மொத்தமா?"

"என் பணம் அண்ணாச்சி. அது போதாதா காரணம்?"

"காரணத்த நான் கேக்கலம்மா. அது கேக்குது." அவளுடைய இடது மணிக்கட்டைக் காட்டினார்.

அங்கே நிதானமானி இருந்தது. இரண்டு விரல் அகலச் சாம்பல் நிறப் பட்டை. சேமிப்பவர் எவரும் அதைக் கழற்ற முடியாது. நாடித்துடிப்பு, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாவற்றையும் அளந்து பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும். பச்சையாக இருந்தால் பணத்தை எடுக்கலாம். சிவந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதற்குச் சட்டம் உண்டு. அவள் பிறப்பதற்கு முன்னால் பங்குச் சந்தை ஒரே காலையில் நொறுங்கி விழுந்தபோது, விசாரித்த குழு பழியைத் தூக்கிச் சிறு சேமிப்பாளர்கள் தலையில் வைத்தது. சின்ன மனிதர்கள் பயந்து விற்றதால்தான் சந்தை சரிந்ததாம். அன்றைக்கு வந்தது நிதானச் சட்டம். கூடத்தின் சுவரில் அதன் முதல் வரியைப் பொன் எழுத்தில் பதித்திருந்தார்கள்: பதற்றத்தில் எடுக்கும் முடிவு உங்கள் முடிவு அல்ல. இதைக் கல்லூரியில் பாடமாக நடத்தியபோது, "அன்னைக்கு மொதல்ல வித்தது யாரு சார்?" என்று கேட்டு உலகு வகுப்புக்கு வெளியே நின்றாள். பதில் இன்றுவரை வரவில்லை.

பெரிய முதலீட்டாளர்கள் இந்தக் கூடத்துக்கு வருவதில்லை. அவர்களுக்காகக் கணினியில் ஓடுகிற முகவர் நிரல்கள் வாங்கும், விற்கும். நிரலுக்கு நாடி ஏது, வியர்வை ஏது? அது எப்போதும் பச்சை. சட்டமெல்லாம் உடம்போடு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான்.

செய்தியும் அப்படித்தான். சுவர்த்திரையில் பட்டுச்சேலைப் பெண் ஒருத்தி தாலாட்டுகிற குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள். "வணக்கம், அன்பர்களே. சந்தை இன்று ஆழ்ந்து யோசிக்கிறது."

சிறு சேமிப்பாளர்களுக்கான சந்தைச் செய்தியில் எண்கள் வரக் கூடாது. விழுந்தது, சரிந்தது என்ற சொற்களும் வரக் கூடாது. ஆனால் உலகு வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் பெண்கள் தங்களுக்குள் ஓர் அகராதியே வைத்திருந்தார்கள். இளைப்பாறுகிறது என்றால் லேசான அடி. கண்ணயர்கிறது என்றால் பலத்த அடி. ஆழ்ந்து யோசிப்பதை இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை.

"யோசிக்குதாம்ல," என்றாள் பக்கத்தில் நின்ற பவுலின். மீன் பதனிடும் ஆலையில் உலகோடு வேலை பார்ப்பவள், உலகின் நாக்குக்குச் சமமான நாக்கு உடையவள். "நம்ம காசத் தின்னுட்டு எப்படிச் செரிக்கலாம்னு யோசிக்குது."

இரண்டு பேரும் அன்றைக்குச் சும்மா வரவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் பழைய ஐஸ் கம்பெனி ஒன்று விலைக்கு வந்திருந்தது. ஆலையில் மீன் வெட்டும் பெண்கள் சேர்ந்து அதை வாங்குவதாகப் பேச்சு. எந்திரத்தை ஓட்டப்போவது உலகு. மின் பொறியியல் படித்தவள், அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஆலையின் குளிரூட்டிகளோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியவள். மற்றவர்கள் தங்கள் பங்கைப் பாதிப் பாதியாக எடுத்துப் புரட்டிவிட்டார்கள். உலகின் பங்குதான் பாக்கி, அதற்குப் பாதி எடுத்தால் காணாது. சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் ஏற்றுமதிக் குழுமம் ஒன்றுக்கு ஐஸ் கம்பெனி கைமாறிவிடும். அதற்குப் பிறகு காலம் பூராவும் அடுத்தவன் ஐஸில் கை மரத்து நிற்க வேண்டியதுதான்.

"கைய வைங்க," என்றார் ஜெபசிங்.

முகப்பில் பதித்திருந்த கண்ணாடிப் பலகையில் உலகு உள்ளங்கையை வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பட்டை சிவந்தது.

"அன்பரே," என்றது பலகை, தேன் தடவிய குரலில். "நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள். இந்த முடிவைப் பிறகு எடுக்கலாம்."

"இது பதட்டமில்ல. கோவம்!"

"அதுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றார் ஜெபசிங். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க. வீணையக் கேளுங்க."

வீணையைக் கேட்கக் கேட்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி ஷிப்டு முடித்து, ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவளின் நாடியும், காரில் வந்து இறங்கியவனின் நாடியும் ஒன்றாக இருக்குமா? இந்த அளவுகோலை எவன் கையில் கட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்? சாய்வு நாற்காலியில் கிடந்தவன் கையிலா? மறுபடியும் கையை வைத்தாள். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் அன்பரே.

பவுலின் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, சீட்டுலயும் இதே கூத்துதான். நீ வாயே தொறக்க வேண்டாம், உன் மூஞ்சியே ஏலம் கேட்டுரும்."

சீட்டு என்றால் ஏலச் சீட்டு. நிதானமானி இல்லாமல் பணம் கைமாறுகிறது என்று சட்டம் அதையும் தடை செய்திருந்தது. அதனால் அது கம்பெனி பஸ்ஸின் கடைசி இருக்கைகளுக்குக் குடிபெயர்ந்தது. யாருக்கு அவசரமோ அவள் சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தள்ளிக் கேட்பாள். அவசரம் முகத்தில் தெரிந்துவிட்டால் மற்றவர்கள் போட்டிக்குக் கேட்டு அவளை இன்னும் கீழே இறக்கிவிடுவார்கள். அதில் தேறியவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே விலை சொல்வார்கள். பவுலின் அதில் ராணி. உலகு ஒவ்வொரு முறையும் தோற்றவள்.

"மூணாந்தடவ செவந்துச்சுன்னா ஆறு மாசத்துக்குக் கணக்கு பூட்டிக்கிரும்," என்றார் ஜெபசிங் தணிந்த குரலில். உண்மையான இரக்கம் இருந்தது அதில். "அது வேண்டாம். நானே கணக்க ஒரு மாசம் மட்டும் மூடி, ஓய்வு போட்டுத் தாரேன். என் பெருவிரல வச்சாப் போதும். அதுக்குள்ள சந்தையும் யோசிச்சு முடிச்சிரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். எங்க வீட்டுப் பணமும் இதுலதான் கெடக்கு."

சட்டைக் கையை லேசாக விலக்கிக் காட்டினார். அவர் மணிக்கட்டிலும் அதே சாம்பல் பட்டை, பச்சையாக.

உலகு பலகையிலிருந்து கையை எடுத்தாள். பவுலினிடம் கேட்டாள்: "நீ எப்படிட்டி கேப்ப? சீட்டுல?"

"இப்பமா கேக்க வேண்டியது? கடைசி வெலைய பஸ் ஏறதுக்கு முன்னாலயே முடிச்சிருவேன். அதுக்கப்புறம் கேக்கது வெறும் வாய்தான். எதுத்தாப்ல இருக்கவ மூஞ்சியப் பாத்து முடிவெடுத்தா நீ காலி."

உலகுக்கு உறைத்தது. இரண்டு முறையும் அவள் ஜெபசிங்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கையை வைத்தாள். அவர் தலையாட்ட மாட்டாரா என்று. கேட்டது என்னவோ மொத்தம், கேட்ட விதம் பிச்சை. கோபத்தில் சிவக்கவில்லை இந்தப் பட்டை. இன்னொருத்தன் சரி சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாளே, அதில் சிவந்தது.

சரி, அவன் தலையாட்டத் தேவையில்லாத முடிவு என்று ஏதாவது தன் கையில் இருக்கிறதா? தேடிப் பார்த்தாள். இருந்தது. ஆறு வருஷமாகக் கண்முன்னாலேயே இருந்தது.

"அண்ணாச்சி, அடுத்த மாசத்துலருந்து என் சம்பளத்துல பிடிக்காதிய."

"என்னம்மா?"

"சந்தா. இனிமேப் போடல."

ஜெபசிங்கின் புன்னகை அப்படியே நின்றது, உள்ளே ஆள் இல்லாத வீட்டில் எரிகிற விளக்கு மாதிரி. "அது... அதெல்லாம் முடியாதும்மா."

"ஏன் முடியாது? சந்தா போடுறது அவரவர் இஷ்டம்னு நீங்கதான எங்க ஆலையில வந்து பேசினிய? எடுக்கும்போது நாடி பாக்கணும்னு சட்டம் இருக்கு. போடும்போது என்னைக்காவது பாத்திருக்கியளா? சம்பளத்துல பிடிச்சது போக, ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்த காசையும் கை நடுங்க நடுங்க வந்து போட்டிருக்கேன். அப்பம் பல்லிளிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டிய. நான் பதட்டத்துல போட்டது மட்டும் என் முடிவா? போடாம நிறுத்துததுக்கு நாடி கேக்கணும்னு எந்த வரியில இருக்கு, காட்டுங்க பாப்போம்."

அப்படி ஒரு வரி இல்லை. சட்டம் எழுதியவர்கள் சின்ன மனிதர்கள் பயந்து ஓடுவார்கள் என்று மட்டுமே யோசித்தார்கள். யோசித்து, நிதானமாக நிறுத்திக்கொள்வார்கள் என்பது அவர்கள் கற்பனைக்கே எட்டவில்லை.

"எனக்கும் நிறுத்திருங்க அண்ணாச்சி," என்றாள் பவுலின், ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிற அதே முகத்தோடு.

வெட்டிவேர்த் தண்ணீர்க்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "எனக்கும் சேத்து எழுதிக்கிடுங்க. மக கல்யாணத்துக்குப் போட்டது, நாலு மாசமாக் கேக்கேன், மூச்ச இழுத்து விடுங்கான் பாவி. இழுத்து இழுத்து நெஞ்சு வலிதான் மிச்சம்."

பின்னாலிருந்து ஒரு குரல், பிறகு இன்னொன்று. யாரும் கத்தவில்லை. ஆத்திரப்படவில்லை. ஏதோ கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னார்கள். அவர்கள் மணிக்கட்டுகள் எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தன.

ஜெபசிங் எழுந்து நின்றுவிட்டார். மாதாமாதம் உள்ளே வருகிற இந்தச் சந்தாவில்தான் பெரியவர்கள் விற்கிற பங்குகளை நிதி வாங்கிக்கொண்டிருந்தது. அது நின்றால் பங்கு விலையோடு நிதியும் சரியும் என்று இந்தக் கூடத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். "ஏ, என்னத்த வெளையாடுதிய எல்லாரும்? இந்தப் பிள்ள கெளப்பி விடுது, நீங்களும் ஆடுதியளா? மொதல்ல இந்தக் கணக்குக்கு ஓய்வு போட்டாத்தான் சரிப்படும்!" அலுவலகத் தமிழ் எங்கோ பறந்துபோயிருந்தது. பெருவிரலைப் பலகையில் அழுத்தினார்.

பலகை ஒரு கணம் யோசித்தது.

"அன்பரே," என்றது. "நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள். இந்த முடிவைப் பிறகு எடுக்கலாம்."

ஜெபசிங் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைக் கையையும் மீறிச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அன்பரே.

முதலில் சிரித்தது கிரேன்காரர். அப்புறம் கூடமே சிரித்தது. அத்தனை வருஷம் வீணையை மட்டும் கேட்ட அந்தச் சுவர்கள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. பவுலின் சுவரில் இருந்த பொன் எழுத்தைக் கைகாட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ராகம் போட்டு வாசித்தாள். "பதற்றத்தில் எடுக்கும் முடிவு உங்கள் முடிவு அல்ல! தண்ணி குடிங்க அண்ணாச்சி. மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

உலகு சிரிக்கவில்லை. மூன்றாம் முறை என்பது அவளுக்கு நினைவிருந்தது. சிவந்தால் ஆறு மாதம் பூட்டு, ஐஸ் கம்பெனி போச்சு. பரவாயில்லை என்று தோன்றியது. இந்தக் கதவு திறக்காவிட்டால் வேறு கதவைத் தட்டுவாள். கடன் வாங்குவாள், குழுமத்துக்காரன் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவாள். இங்கே வந்து இன்னொரு முறை மூச்சை இழுத்து விடப்போவதில்லை. அது மட்டும் முடிந்துபோன விஷயம்.

கையை வைத்தாள். ஜெபசிங்கைப் பார்க்கவில்லை. பட்டையைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில் பளபளத்த உப்புக் குவியல்களைப் பார்த்தாள்.

"நன்றி, அன்பரே. தங்கள் மொத்தத் தொகையும் அனுப்பப்பட்டது."

பச்சை. போட்டதில் முக்கால்வாசிதான் தேறியது. மீதியைச் சந்தை யோசித்துத் தின்றிருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஐஸ் கம்பெனிக்கு அது போதும்.

மணிக்கட்டில் ஒரு சின்னக் கிளிக். கணக்கில் பணம் இல்லாதவருக்குப் பட்டையும் இல்லை. நிதானமானி தானாக அவிழ்ந்து பலகைமேல் விழுந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் படாத தோல், யாருடைய கையோ போல வெளுத்துக் கிடந்தது. உலகு அந்த இடத்தை நன்றாகச் சொறிந்தாள். ஆறு வருஷத்து அரிப்பு.

"தங்கச்சி," என்றார் ஜெபசிங். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். பட்டை இன்னும் சிவப்பாகவே இருந்தது. "உண்மையிலேயே சந்தை எவ்வளவு விழுந்திருக்குன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எங்களுக்கும் அந்தப் பொம்பள வாசிக்கததுதான்."

முதல் தடவையாக அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "தெரியாது அண்ணாச்சி. ஆனா ஒண்ணு செய்யுங்க. அந்தச் சனியன் வீணைய நிறுத்திட்டு, நீங்களும் இந்தப் பக்கம் வந்து வரிசையில நில்லுங்க."

கூடத்தில் வரிசை அதற்குள் நீண்டிருந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. கிரேன்காரர் முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். திரையில் பட்டுச்சேலைக்காரி புதிதாக எதையோ வாசிக்க வாயைத் திறந்தாள். அது என்ன சொல் என்று கேட்க உலகு நிற்கவில்லை.

"ஏட்டி, நில்லு, நானும் வாரேன்," என்று பவுலின் பின்னால் ஓடிவந்தாள். "இவ்வளவு நல்லா ஏலம் கேக்கத் தெரிஞ்சவ, இத்தன நாளு பஸ்ஸுல எங்ககிட்ட ஏன்ட்டி தோத்த?"

"அப்பம் வெலைய முடிச்சிட்டு வரல," என்றாள் உலகு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உப்புக் காற்றுக்குள் இறங்கி, ஐஸ் கம்பெனி இருக்கிற திசையில் நடந்தாள்.